தேங்காய் மட்டையில் ஐஸ் ஹொக்கி

பன்விலவிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு விளையாட்டு மாஸ்டர்கள். பதினாறு வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகளில் ஐஸ் ஹொக்கி அணிக்கு ஆள் தேடிவிட்டு வருகிறார்கள்.

"ஐஸுக்கு எங்க போறது? அதான் ஸ்கூல் ஹோல் தரைக்கு சிவப்பு பாலிஷ் பூசி, சறுக்குறதுக்குப் பிள்ளைகளோட ரெண்டு காலுக்கும் தேங்காய் மட்டையைக் குடுத்தேன்," என்றார் மூத்தவர்.

இளையவர் பெயர்கள் எழுதிய கொப்பியைத் திறந்தார். "மாலதி எப்படி சார்?"

"நல்ல வேகம். நிப்பாட்டத்தான் தெரியல. அலுமாரிதான் நிப்பாட்டுச்சு."

"கோல் காக்க சாந்தி?"

"அசையாம நிக்கிறா. பந்து வந்தாலும் அசையல."

"அப்ப ஒருத்தருமே தேறலையா?"

"ஒரு ஆள் இருக்கு. ஒரே தள்ளுல ஹோலோட அந்தக் கோடிக்குப் போயிருச்சு. கையில டீ தட்டு வேற. ஒரு சொட்டு சிந்தல."

"யாரு சார்?"

"தினமும் மட்டையில ஏறி நின்னு தரைக்குப் பாலிஷ் போடுற நம்ம பார்வதி அக்கா."

"அவங்களுக்கு ஐம்பத்தி நாலு வயசு சார்."

நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனது. எழுந்திருக்க மனம் வரவில்லை. மூத்தவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி யோசித்தார்.

"பதினஞ்சுன்னு எழுதுங்க. ஐஸ் ஹொக்கில முகத்த மூடிக்கிட்டுத்தானே விளையாடுறாங்க."