நூற்று எழுபத்தோராம் பக்கம்

ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை பொரிக்கும் மீன் கட்லட்டில் உப்பு எப்போதும் ஒரு மட்டுக் குறைவு. இதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. டென்மார்க்கின் யூலாந்துப் பகுதியில் நடக்கும் தமிழ்ச் செத்தவீடுகளுக்கெல்லாம் அந்தக் கட்லட்தான் போகிறது. துக்கத்தில் இருப்பவர்கள் உப்பைப் பற்றிக் கதைப்பதில்லை. என் மனைவி கிளோறியா இறந்த பிறகு சனிக்கிழமைதோறும் ஒரு பெட்டி என் வீட்டுக்கு வந்தது. நானும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

நீங்கள் கேட்டது இதுவல்ல என்று தெரியும். வசதியான மொழியில் எழுதலாம் என்றீர்கள், எழுதுகிறேன். இதை டேனிஷில் பெயர்க்கப்போகிறவர் எங்கள் ஆட்களில் ஒருவராகத்தான் இருப்பார். பெயரை நான் எழுதாமல் விட்டிருந்தாலும் கட்லட்டை வைத்தே அவர் ஆளைப் பிடித்திருப்பார். விசாரிக்கிற உங்களுக்கு, ஆள் எதனால் பிடிபட்டார் என்று விளங்க மூன்று மாதம் எடுத்தது. குறையாகச் சொல்லவில்லை. எல்லாம் நடந்தது அந்த வித்தியாசத்தால்தான்.

என் பெயர் சுபாங்கன். வயது முப்பத்து மூன்று. அரசறிவியல் படித்தவன். இரகசிய ஆவணங்கள் பொதுமக்களுக்கு வெளியிடப்படுமுன் அவற்றில் மறைக்க வேண்டியதைக் கறுப்புப் பட்டையால் மறைப்பது என் வேலை. வாரத்தில் நான்கு நாள் கொபன்ஹேகன், மிச்ச நாள் கிரின்ஸ்டெட் வீடு. வேலை அலுப்பானது என்று கிளோறியா கேலி செய்வாள். "மற்றாக்கள் எழுதிச் சம்பளம் எடுக்கினம், நீங்கள் அழிச்சு எடுக்கிறியள்" என்பாள்.

பெப்ரவரியில் அந்தப் பெரிய கோப்பு வந்தது. ஒரு வல்லரசு வெளிநாடுகளில் எந்த நிறுவனத்தை வாங்குகிறது, எந்த அரசுக்குக் கடன் கொடுக்கிறது, எந்தத் துறைமுகத்தை யாருடைய பெயரில் வைத்திருக்கிறது என்று எங்கள் உளவுத்துறை ஆறு ஆண்டுகளாகச் சேர்த்த தகவல்கள். இதையெல்லாம் மக்கள் படிக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்குத் திடீரென்று ஆசை வந்துவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஐந்து கிழமை அவகாசம். தகவலாளரின் பெயர், முகவரி, வயது, வேலையிடம் ஆகியவற்றை மறைக்க வேண்டும். மற்றதை இயன்றவரை திறந்தே விட வேண்டும். சுற்றறிக்கையில் 'இயன்றவரை' என்ற சொல்லுக்கு அடிக்கோடு இட்டிருந்தீர்கள்.

நூற்று எழுபத்தோராம் பக்கத்தில் அண்ணையைச் சந்தித்தேன். வைலேயில் அவர் வேலைசெய்யும் சரக்கு நிறுவனத்தின் பாதியை அந்த வல்லரசின் கொம்பனி ஒன்று வாங்கியிருந்தது. அதே கொம்பனி ஆபிரிக்கக் கரையில் கட்டிய துறைமுகத்தில் அவருடைய தம்பி டானியல் களஞ்சியப் பொறுப்பாளர். எந்தக் கொள்கலனுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று தம்பி அண்ணைக்குச் சொல்ல, அண்ணை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். நான்கு வருடமாக.

எனக்குச் சிரிப்பு வந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் அதைத் தேடும் மனிதர் உளவு பார்த்திருக்கிறார்.

அதற்குக் கீழே சந்திப்புகளின் பட்டியல் இருந்தது. அதில் ஒன்று நவம்பர் பதினான்கு, கோல்டிங், பகல் ஒன்றரை முதல் நான்கு வரை. கைத்தொலைபேசிகள் வழமைபோல் அறைக்கு வெளியே பெட்டியில் வைக்கப்பட்டன என்று குறித்திருந்தார்கள்.

கிளோறியா இறந்தது நவம்பர் பதினான்கு. மத்தியானம் நெஞ்சை அடைத்திருக்கிறது. 112-ஐ அழைத்தால் அம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கொண்டு தெருவுக்கு வரும், சனம் யன்னலால் பார்க்கும். எங்கள் ஆட்களுக்கு அது வெட்கம். வாய்வுதானே, அண்ணை காரில் கொண்டுபோய் விடுவார் என்று நினைத்திருக்கிறாள். அவர் வீடு அடுத்த தெருவில். வியாழக்கிழமைகளில் அவருக்கு வேலையும் இல்லை. அவரை ஐந்து தடவை அழைத்திருக்கிறாள். நுரையீரலில் இரத்தக்கட்டி என்று பிறகு வைத்தியர் சொன்னார்.

செத்தவீட்டில் அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டு, "போனில சார்ஜ் இல்லாமல் போச்சு தம்பி, மன்னியும்" என்று அழுதார். நான்தான் அவரைத் தேற்றினேன். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். பெயரை மறைத்தேன். முகவரி, வயது, வேலையிடம், தம்பியின் பெயர், துறைமுகத்தின் பெயர் எல்லாம் மறைத்தேன். என் பட்டைகள் நேர்த்தியானவை, நீங்களே பாராட்டியிருக்கிறீர்கள். ஒரு பத்தியை மட்டும் திறந்து விட்டேன். அண்ணையைச் சந்தித்துக் குறிப்பெழுதிய உளவு அதிகாரிக்கு அவரில் பிரியம் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்படி எழுதியிருக்க மாட்டார்:

'ஈஸ்டருக்கு முந்திய வாரங்களில் தகவலாளர் சந்திக்க வருவதில்லை. அந்நாட்களில் தன் சமூகத்தவருக்காக முழங்காலில் நின்று ஒரு பழைய புலம்பலைப் பாடுகிறார். குரல் கெடக்கூடாது என்று கோப்பியையும் நிறுத்திவிடுகிறார். தகவலைத் தருவது துறைமுகத்தில் உள்ள நெருங்கிய உறவினர்.'

டேனிஷ்காரருக்கு இது யாரோ ஒரு பக்திமான். எங்களுக்கு இது வியாகுலப் பிரசங்கம். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் தவக்காலத்தில் யேசுவின் பாடுகளை இழுத்து இழுத்துப் பாடுவது. யூலாந்தில் அதை முழுதாகப் பாடத் தெரிந்தவர் ஒருவர்தான். அவருடைய கடவுச்சீட்டு இலக்கத்தை அச்சிட்டிருந்தால்கூட இத்தனை பேருக்கு விளங்கியிருக்காது.

நான் மறைத்ததைச் சரிபார்க்கும் கிர்ஸ்டன் அந்தப் பத்தியில் விரலை வைத்தாள்.

"இது பரவாயில்லையா, சுபாங்கன்? ஆளைக் காட்டாதா?"

"கத்தோலிக்கர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஈஸ்டருக்கு முன் பாடாதவர் யார்?"

"நீ பாடுவாயா?"

"நான் இந்து. சாப்பாடு போடும் நாட்களில் மட்டும்தான் தேவாலயம் போவேன்."

சிரித்துக்கொண்டே கையொப்பமிட்டாள். அவளை ஒன்றும் செய்யாதீர்கள். மனைவியை இழந்தவன் ஒரு பகிடி சொல்கிறானே என்று அவளுக்குச் சந்தோசம். என்னை ஒருவருக்கும் சந்தேகிக்க மனம் வரவில்லை. துக்கத்தின் வசதிகளில் அதுவும் ஒன்று.

மார்ச்சில் கோப்பு வெளியானது. ஓகூஸில் படிக்கும் சாரங்கி என்ற பிள்ளை அந்தப் பத்தியைத் தமிழாக்கி, சிரிக்கும் முகம் ஒன்றையும் போட்டு, எங்கள் வட்ஸ்அப் குழுவில் இட்டாள். அன்று மாலைக்குள் சுவிஸ், கனடா வரை போய்விட்டது. அடுத்த ஞாயிறு கோல்டிங்கில் ஒரு பிறந்தநாள் விழா. அண்ணை வழக்கம்போல் கட்லட் தட்டத்தோடு வந்தார்.

"அண்ணை, இனி உங்களோட கதைக்கவே பயமாக் கிடக்கு" என்றான் ஜோன்சன். ஊரில் எல்லாருக்கும் பட்டப்பெயர் வைப்பவன் அவன். "கட்லட்டுக்குள்ள மைக் ஏதும் வச்சிருக்கிறியளோ?"

"ஓமடா, இருக்கு. நல்லா மென்டு தின். அங்கால இருக்கிறவனுக்குக் காது கிழியட்டும்."

மண்டபமே சிரித்தது. அண்ணையும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"அப்ப துறைமுகத்தில நிக்கிற சொந்தக்காரன் எங்கட டானியலோ?" என்றான் ஜோன்சன். அண்ணை தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

கார் தரிப்பிடத்தில் அவரைக் கண்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

"தம்பி, நீர் அந்தக் கந்தோரிலதானே வேலை?"

"ஓம் அண்ணை."

"அதை எடுக்கேலாதோ? அந்தப் பாட்டு விசயத்தை மட்டும்?"

"வெளியால வந்திட்டுது. இனி எடுத்தும் பிரயோசனமில்லை."

தலையாட்டினார். கோபப்படவில்லை. "டானியல் நாலு நாளா போன் எடுக்கிறானில்லை" என்றார்.

"சார்ஜ் இல்லாமல் இருக்கும்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்போது அவருக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை கட்லட் வந்தது.

விழா முடிந்து பன்னிரண்டாம் நாள் கொம்பனியிலிருந்து இரண்டு பத்தியில் ஒரு கடிதம். கப்பலுக்கும் இறங்குதுறைக்கும் இடையில் தவறி விழுந்துவிட்டார், உடல் கிடைக்கவில்லை. டானியலுக்கு நாற்பத்தொரு வயது. இரண்டு பெண் பிள்ளைகள். களஞ்சியத்தில் வேலைசெய்பவருக்குக் கப்பலடியில் என்ன வேலை என்று கடிதத்தில் இல்லை. அண்ணை அந்த ஆண்டு பாடவில்லை. பெரிய வெள்ளியன்று ஒலிநாடாவில் போட்டார்கள்.

உங்கள் விசாரணைக் குறிப்பின் வரைவைப் படித்தேன். 'கவனப்பிசகு' என்று எழுதியிருக்கிறீர்கள். 'அண்மையில் ஏற்பட்ட இழப்பைக் கருத்தில் கொண்டு' என்றும் சேர்த்திருக்கிறீர்கள். மிக்க நன்றி. அது பிசகல்ல. அந்தப் பத்தியை ஒன்பது தடவை படித்து, பட்டையை வைத்து, எடுத்து, திரும்ப வைத்து, கடைசியில் எடுத்துவிட்டேன். டானியலுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வல்லரசு இப்படியானவர்களை என்ன செய்கிறது என்பதற்கு அதே கோப்பில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. அதையும் நான்தான் சரிபார்த்தேன்.

பழிவாங்கல் என்று அதை நான் சொல்லமாட்டேன். ஒரு மனிதர் தன் தொலைபேசியை ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டு ஒரு பெண்ணைச் சாகவிட்டார். பிறகு பொய் சொன்னார். அவருடைய இரகசியத்தைக் காப்பது ஏன் என் வேலையாக இருக்க வேண்டும் என்று என்னையே கேட்டேன். நியாயமான கேள்வி என்றுதான் அன்று பட்டது.

கிளோறியா இறந்த அந்தப் பகல் என் தொலைபேசியும் அலுவலகப் பெட்டகத்துக்குள்தான் இருந்தது. எங்களுக்கும் அதே விதி. மாலையில் எடுத்துப் பார்த்தேன். கிளோறியாவிடமிருந்து ஓர் அழைப்பும் இல்லை. வேலை நேரத்தில் எடுக்க வேண்டாம், எடுத்தாலும் பிரயோசனமில்லை என்று அவளிடம் நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

கடைசியாக ஒன்று கேட்டிருந்தீர்கள். நவம்பர் பதினான்காம் திகதிக்குக் கீழே, பெயரோ முகவரியோ இல்லாத ஒரு வரி ஏன் மறைக்கப்பட்டிருக்கிறது? மூலத்தை வரவழைத்துப் பார்க்கலாம். சிரமம் வேண்டாம், எனக்கு மனப்பாடம். 'தகவலாளரின் தொலைபேசி வெளியே தொடர்ந்து ஒலித்தது. யாருக்கோ அவசரம்போல, போய்ப் பார்க்கட்டுமா என்று இரண்டு தடவை எழுந்தார். முடிந்த பிறகு பார்க்கலாம் என்று உட்கார வைத்தேன்.'

அதை மறைக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. அந்தப் பக்கத்தில் நான் முதலில் மறைத்தது அதைத்தான். அண்ணையின் பெயரை அதற்குப் பிறகுதான் மறைத்தேன்.