கல்யாணக் காய்ச்சல்

2011 நவம்பரில், திருவருகைக் காலம் பிறப்பதற்கு முந்தைய கடைசித் திங்கள்கிழமை, என் தங்கை ரெஜிஷாவுக்குக் கல்யாணம். மாட்டுக்கறி நன்றாக வெந்திருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கிறிஸ்துமஸ் வரை எங்கள் கோயிலில் கல்யாணம் நடத்தமாட்டார்கள். அதற்குள் மாப்பிள்ளை ஜெனினின் விடுமுறை முடிந்துவிடும். அவன் மஸ்கட் திரும்ப வேண்டும். ரெஜிஷாவுக்கு இதற்கு முன்பும் இரண்டு சம்பந்தங்கள் வந்தன. இரண்டும் தள்ளிப்போயின, பிறகு இல்லாமல் போயின. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

அருமனையில் எனக்கு மருந்துக்கடை. முந்தைய வியாழக்கிழமை ஜெனின் வந்தான். கல்யாணத்துக்கு வாங்கிய ஷூ குதிகாலைக் கடித்திருந்தது. அந்தப் புண்ணோடு, மழைத்தண்ணீர் தேங்கிக்கிடந்த வாழைத்தோட்டத்தில் இறங்கி வடிகால் வெட்டியிருக்கிறான். இப்போது காய்ச்சல். கண் சிவந்திருந்தது. கெண்டைக்காலைத் தொட்டால் நெளிந்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போணுமா மச்சான்?"

"இது கல்யாணக் காய்ச்சல் மாப்பிளே. தாலி கெட்டினா மாறும்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கேலி பொறுக்கிற பையன்.

நான் நுண்ணுயிரியல் படித்தவன். எலிக்காய்ச்சல் என்று பார்த்ததுமே தெரிந்தது. அதற்கான மருந்தும் என் அலமாரியில் இருந்தது. ஆனால் அவன் அக்கா பிரிஜா நர்ஸ். அந்தக் காப்ஸ்யூலைப் பார்த்தால் எதற்கென்று கேட்பாள், அவனை ஆஸ்பத்திரியில் படுக்கவைப்பாள். சின்ன வெள்ளை மாத்திரை எதுவாகவும் இருக்கலாம்.

ஒரு கிருமி தொட்டதும் செல்லுக்குள் செய்தி ஓடுகிறது. ஒரு புரதம் அடுத்ததைத் தட்டி எழுப்ப, அது இன்னொன்றை எழுப்ப, கடைசியில் உடம்பு முழுக்கத் தெரிந்துவிடுகிறது. காய்ச்சல், வலி, வீக்கம் எல்லாம் அந்தச் செய்தி போடும் சத்தம்தான். சத்தம் மிஞ்சினால் அதுவே செல்களைக் கெடுக்கும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. நான் அந்த வரியைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு. சத்தத்தை அடக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. சத்தம் போட ஆளில்லாத வீட்டில் கிருமி இன்னும் சௌகரியமாக உலாவும் என்பதும் அதே பக்கத்தில்தான் இருந்தது.

காய்ச்சல் மாத்திரையோடு சேர்த்துக் கவரில் போட்டுக் கொடுத்தேன். மறுநாளே ஜெனின் போனில் என்னை டாக்டர் என்று கூப்பிட்டான்.

திங்கள்கிழமை பீடத்தின் முன் நேராக நின்றான். கண் சிவப்பைப் பார்த்துத் தூக்கமில்லை என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். போட்டோவில் அவனைவிட நான்தான் களைத்துத் தெரிகிறேன். மறுவீட்டுக்கு வந்தபோது இன்னொரு கவர் கொடுத்தேன். ரெஜிஷா வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தாள். அண்ணன் தந்தது அல்லவா.

வெள்ளிக்கிழமை இருமலில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில், முன்பு என்ன மருந்து சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். காய்ச்சல் மாத்திரை மட்டும் என்றேன். எனக்குக் கடை இருந்தது, தங்கை இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஜெனின் இறந்தான். அவனைக் கொன்றது கிருமி என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்கு வழி விட்டது நான்.

ஆனால் என் தங்கையிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அந்த வெள்ளிக்கிழமை, டாக்டர் உள்ளே போனதும், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோதுகூடச் சொல்லவில்லை.

"அண்ணா, அந்தக் கவருல வேற என்னவாவது இருந்துன்னா இப்பவே சொல்லிரு. நான்தானே எடுத்துக் குடுத்தேன்?"