கைப்பிடி சுற்றிய பெண்ணின் பெயர்

"இந்த மெசினு தப்பா கூட்டுனா யார திட்டுவாங்க?" என்று வசந்தியின் மகள் அருணா ஐந்து வயதில் கேட்டாள். பழைய கணக்கு இயந்திரங்களைப் பற்றிய சிறு நூல் ஒன்றில், கைப்பிடி சுற்றும் பெண்ணின் படத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். நூலுக்குச் சொந்தக்காரர் ஒடுகத்தூர் ராஜவேலு, புள்ளிவிவர ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே ஒரு புத்தகம் எழுதத் தொடங்கினார். பாதியில் சர்க்கரை வியாதி கண்ணைக் கொண்டுபோயிற்று. அவர் போனில் சொல்லச் சொல்ல, ஜமுனாமரத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வசந்தி தட்டச்சு செய்தாள். இன்று சாயங்காலம் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரே ஒரு பெயர் பாக்கி, படத்தில் கைப்பிடி சுற்றும் அந்தப் பெண்ணுடையது.

"ஹலோ... ஹலோ சார், வசந்திதான். கேக்குதா? ... ஆமாங்க, ஆமாங்க. உங்க பழைய பொஸ்தகம் கையிலதான் கீது. ... இல்லீங்க, பேரு இன்னும் பாக்கல. அதான்... எப்டி சொல்றது...

நனைஞ்சிடுச்சி சார்.

... இல்லல்ல, மழையில இல்ல. கடையில வச்சா எவனாவது தூக்கினு போய்டுவான்னு வூட்ல சாமி மாடத்துல வச்சேன், கலசத்துக்குப் பக்கத்துல. பாழாப்போன எலி கலசத்த கவுத்துடுச்சி. ... சிரிக்காதீங்க சார், எனக்கு அழுவ வருது. ... ஆமா, அம்மனுக்கும் படிக்க ஆசை வந்திருக்கும்! இன்னா சார் நீங்க!

... மத்த பக்கமெல்லாம் காஞ்சிடுச்சி. படம் போட்ட வழவழ தாளுதான் எதிர் பக்கத்தோட ஒட்டிக்கிச்சி. பேரு அந்தப் படத்துக்குக் கீழதானே? ... இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன்."

போனை மேசையில் வைத்துவிட்டு, நகத்தால் தாளின் மூலையைத் தூக்கினாள்.

"வருது சார்... மெதுவா... மெசினு தெரியுது. கைப்பிடி தெரியுது. அந்தம்மா மொகம் வந்துடுச்சி சார்! ... இருங்க, இருங்க, இப்ப எழுத்து... ஐயோ. ... ஐயோ சார்.

... கிழியல. மேல்தோலு உரிஞ்சிக்கினு போய்டுச்சி. 'இயந்திரத்தை இயக்குபவர்'னு கீது. அப்பறம் வெள்ளை. கடைசில 'வல்லி'ன்னு மட்டும் நிக்குது.

... உங்களுக்கும் நெனப்பு வரலியா? ... வேற பிரதி ஏதாவது... ஆமா, ஆமா, நீங்கதான் எல்லா லைப்ரரிலயும் கேட்டுட்டீங்களே.

... 'ஒரு பெண்'னு போட்டுடறதா? வேணாம் சார். தப்பு வந்தா திட்டு வாங்கனது அந்தம்மா. சரியா வந்தா பேரு மெசினுக்கா? ... நீங்க எழுதனதுதானே சார் இது!

... கோவப்படுங்க சார். நல்லா திட்டுங்க. நீங்க இன்னாடான்னா சாப்டியான்னு கேக்குறீங்க. ... இல்ல, சாப்டல. ... நீங்க எப்பவும் இப்டித்தான். மலை பஸ்ல அருணாவுக்கு ஜன்னி வந்தப்போ நீங்க யாரு, நாங்க யாரு? ஆஸ்பத்திரி வரைக்கும் தோள்ல போட்டுக்கினு ஓடுனீங்க. அதுக்கு ஒரு நன்றி சொல்ல வந்தா... ... சரி, சரி, பேசல. பேசல சார்.

... இன்னா சொன்னீங்க? வுட்டு வுட்டு கேக்குது. ... சார், வச்சிடாதீங்க, எதிர் பக்கத்துல இன்னாமோ... ஹலோ? ஹலோ?"

டவர் போய்விட்டது.

வசந்தி எதிர்ப் பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். உரிந்த தோல் அதில்தான் ஒட்டியிருந்தது, எழுத்துகள் தலைகீழாக இல்லாமல் இடவலமாகத் திரும்பியபடி. கடையை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, சுவர்க் கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தாள். கோ. மரகதவல்லி. இரண்டு முறை சரிபார்த்து, காலியாய்க் கிடந்த இடத்தில் அதைத் தட்டச்சு செய்தாள்.

சாயங்காலம் டவர் வந்ததும் அச்சகத்துக்கு அனுப்பினாள். ராஜவேலுவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவர் நன்றி சொல்வார், அருணாவைத் தூக்கி ஓடியதற்கான கடன் தீராமல் மறுபடி இவள் பக்கமே ஏறிவிடும். புத்தகம் வந்து யாராவது வாசித்துக் காட்டும்போது, அந்தப் பெயரை அவர் காதால் கேட்டுக்கொள்ளட்டும்.