மாதா விளக்குக்கு வைத்திருந்த எண்ணெய்

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால்தான் மினுங்கும். உங்களுக்கும் தெரிந்திருக்கும், சாமி. பாவசங்கீர்த்தனத்தை இதிலிருந்து தொடங்குவது எனக்குச் சௌகரியம்.

என் பெயர் சந்தியாகு. காரைக்குடிப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் இருபத்திரண்டு வருஷமாகக் கோயில்பிள்ளை. மணியடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பூசைக்கு எடுத்து வைப்பது எல்லாம் நான்தான். லத்தீனில் பதில் சொல்லத் தெரிந்தவன் ஊரில் நான் ஒருவனே. மூன்று வருஷத்துக்கு முன் பூசை தமிழுக்கு மாறியது. இப்போது குஞ்சு குளுவானெல்லாம் பதில் சொல்கிறது. போகட்டும்.

பீடத்தின் முன்னால் புதுக் கல் பதித்தபோது, கல் பட்டறையிலிருந்து பொன்னுத்தாயி வந்தாள். வேலை முடிந்தும் சனிக்கிழமைதோறும் வந்து தரையைத் துடைத்தாள். கூலி கிடையாது. ஞானஸ்நானம்கூட வாங்காதவள். ஏன் வருகிறாய் என்று கேட்டேன்.

"இந்த ஆத்தாளைப் பாத்தா ஒரு பிரியம்ண்ணே. அம்புட்டுத்தேன்" என்று மாதா சிலையைக் காட்டினாள்.

ஒரு ஞாயிறு எங்கள் பங்குச்சாமியார் பிரசங்கம் செய்தார். நரகத்துக்குப் பயந்து ஆண்டவருக்கு ஊழியம் செய்கிறவன் அடிமையாம். மோட்சத்துக்காகச் செய்கிறவன் கூலிக்காரனாம். அன்பினால் செய்கிறவன்தான் பிள்ளையாம். நான் தூபக்கலசத்தோடு பக்கத்தில் நின்றேன். அடுத்து என் பெயர்தான் வரும் என்று தலையைக்கூடக் குனிந்துகொண்டேன். அவர் பொன்னுத்தாயி பெயரைச் சொன்னார்.

எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் பீடத்தில் நின்று ஒருவர் சொல்வது உண்மையா என்று யாராவது பார்க்க வேண்டுமே. அதனால் சோதித்தேன். முதலில் அவள் துடைக்கும் துணியை ஒளித்து வைத்தேன். தன் பழைய சேலையைக் கிழித்துக்கொண்டு வந்தாள். துடைத்தது சுத்தமில்லை என்று சாமியார் வருத்தப்பட்டதாகச் சொன்னேன். இரண்டு தடவை துடைத்தாள். திருவிழாச் சாப்பாட்டுக்காகத்தான் வருகிறாள் என்று பெண்களிடம் சொல்லி வைத்தேன். அவர்கள் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். அவள் மாதா சுரூபத்தோடு பேசிக்கொண்டே துடைத்தாள். எனக்கே சலித்துவிட்டது.

அவளிடம் இனி எடுப்பதற்கு உடம்பு ஒன்றுதான் பாக்கி இருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பீடத்துப் படியில் அரைப்படி எண்ணெய் ஊற்றினேன். நல்ல செக்கு எண்ணெய். மட்டமானது ஊற்ற மனசு வரவில்லை. அவள் விழுந்தாள், வலது கால் ஒடிந்தது. முதலில் ஓடிப்போய்த் தூக்கியது நான்தான். வண்டி பிடித்ததும் நான்தான். இதைச் சாமியாரும் பார்த்தார்.

நாலு மாசம் கழித்துக் கம்பு ஊன்றிக்கொண்டு வந்தாள். உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து துடைத்தாள். என்னைக் கிட்டே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"எண்ணெக் கிண்ணத்தோட நீக தூணுக்கு அங்குட்டு நின்னதை நான் பாத்தேண்ணே. ஒருத்தருகிட்டயும் சொல்லலை. நீகளும் இந்த ஆத்தா பிள்ளைதானே."

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யோசித்தால், அவள் அன்பு உண்மையென்று நிரூபித்தது யார்? நான் ஊற்றாவிட்டால் யாருக்குத் தெரிந்திருக்கும்? நான் அவளைத் தூக்கியதையாவது சாமியார் ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்லவில்லை. போன ஞாயிறும் அவள் பெயரைத்தான் சொன்னார்.

பாவம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்று, சாமி. அதைச் சொல்லத்தான் தேவகோட்டைக்குப் பஸ் ஏறி உங்களிடம் வந்தேன். அன்று ஊற்றியது மாதா விளக்குக்கு வைத்திருந்த எண்ணெய். கேட்காமல் எடுத்தது தப்பு. இன்று காலை என் சொந்தக் காசில் ஒரு படி வாங்கி வைத்துவிட்டேன்.

விளக்குக்கு அரைப்படி போதும். நாளைக்குச் சனிக்கிழமை.