நப்லாவுக்கு நான் கொடுத்த அமைதி

நப்லா சிறுவயதிலிருந்தே தேநீரைச் சூடாகக் குடிக்க மாட்டாள், டொக்டர். ஆற வைப்பாள், மறந்துவிடுவாள், பிறகு ஒரே மடக்கில் குடிப்பாள்.

எனக்குத் தங்கை அவள் ஒருத்திதான், அவளுக்கு ராத்தா நான் ஒருத்திதான். வாப்பாவும் உம்மாவும் மௌத்தான பிறகு திகன வீட்டில் நாங்கள் இருவர்தான். எனக்குக் கண்டியில் ஒரு மருந்துக் கடையில் வேலை. அவள் நேர்சரியில் படிப்பித்தாள். ஓயாமல் பேசுவாள், பிள்ளைகளின் பாட்டையெல்லாம் குசினியில் சமைத்துக்கொண்டே பாடுவாள்.

மாவனல்லையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. நிக்காஹ் முடிந்ததும் கூட்டிப் போவானாம். என்னைக் கேட்காமல் அவள் சம்மதிக்கவில்லை. கேட்டாள். நானும் நல்லது என்றேன்.

அதற்குப் பிறகுதான் கடையிலிருந்து அந்தச் சொட்டு மருந்தை எடுத்து வந்தேன். மனநோய்க்குக் கொடுப்பது. தேநீரில் கலந்தால் தெரியாது. மூளையில் ஒரு நரம்பு விடுகிற டோபமின் என்ற இரசாயனத்தை வாங்கிக்கொள்ள அடுத்த நரம்பில் ஏற்பிகள் இருக்கின்றன. மருந்து முந்திப் போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டோபமின் வரும், வாங்க ஆளிருக்காது. ஆசைப்படுவதற்கும் அது வேண்டுமாம். அவளுடைய ஆசை கொஞ்சம் குறைந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

குறைந்தது. முதலில் பாட்டு நின்றது. பிறகு மாப்பிள்ளை கோல் எடுத்தால் போனைத் தொடாமல் விட்டாள். முகத்தில் அசைவில்லை, கை நடுங்கியது. சம்பந்தம் முறிந்ததை நான் சொன்னபோது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அழுகை வருதில்ல ராத்தா," என்றாள். "அழணும்னு தெரியுது. வருதில்ல."

அவள் தலையை மடியில் வைத்துத் தடவிக் கொடுத்தேன். அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் மறுபடி பாடுவாள், மறுபடி யாராவது பெண் கேட்டு வருவார்கள். வருடக்கணக்கில் கொடுத்தேன்.

இப்போது அவள் நாக்கும் தாடையும் தாமாகவே அசைகின்றன. மருந்தை விட்டாலும் இது போகாமல் இருக்கலாம் என்கிறீர்கள். பொலிஸுக்குச் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. கொடுத்தது நான்தான். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் அவளைப் பிடித்து வைத்திருந்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். எங்கள் வீட்டுக் கதவை ஒருநாளும் நான் பூட்டியதில்லை. அவளிடமே கேட்டுப் பாருங்கள். என்னை விட்டுப் போக வேண்டும் என்று அவள் சொல்லவே மாட்டாள்.