மூடக்கூடாத லேப்டாப்

கொல்லிமலையிலிருந்து இறங்கும் பேருந்தில், என் முன் இருக்கையில் கேமராப் பையோடு ஒரு புருஷனும் பெண்டாட்டியும்; கல்யாணங்களுக்குப் படமெடுப்பவர்கள். அவள் மடியில் லேப்டாப் திறந்தபடியே எரிந்துகொண்டிருந்தது.

"மூடிராத புள்ள. மூடுனா மறுபடி எந்திரிக்காது," என்றார் அவர்.

"காதுகுத்துக்குப் படமெடுக்கோணும்னு கேமரா கார்டுல இருந்ததையும் அழிச்சுப்போட்டீங்களே. அந்தக் கல்யாணப் பொண்ணோட அப்பா போன வாரம் தவறிட்டாருங்க. கண்ணாலத்துல அவரு சிரிச்ச படம் இதுக்குள்ள மட்டுந்தான் இருக்குது."

"சேலத்துல புதுசு வாங்குனதும் கடைக்காரரே படத்தையெல்லாம் அதுக்கு மாத்திக் குடுத்துருவாரு. வேகமானதா வாங்கலாம், படத்தைத் திருத்தச் சுளுவா இருக்கும்."

"வேகம் எதுக்குங்க? குடுத்ததைப் பத்திரமா வெச்சிருந்து திருப்பித் தரோணும். படம் வெக்க எடம் பெருசா இருக்கறதை வாங்குங்க."

ஒவ்வொரு வளைவிலும் அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சார்ஜ் எத்தனை புள்ள?"

"பஸ்ஸு ஏறறப்போ அம்பது. இப்பப் பதினெட்டுங்க."

அடிவாரத்தில் பேருந்து நின்றது. "டீ குடிக்கறவங்க குடிங்க, பத்து நிமிஷம்," என்றார் கண்டக்டர்.

டீக்கடையில் சார்ஜ் போட, புருஷன் லேப்டாப் சார்ஜரைத் தேடிப் பையைக் கவிழ்த்தார். கேமராவின் சார்ஜர்தான் விழுந்தது.

அவள் திரையின் வெளிச்சத்தைக் குறைத்தாள்.

"ஏனுங்க, டிரைவரண்ணனைக் கையெடுத்துக் கும்பிட்டு, இப்பவே வண்டியை எடுக்கச் சொல்லிக் கேளுங்க. டீயைச் சேலத்துல நான் வாங்கித் தாரேன்னு சொல்லுங்க."