நாலு ஓலை

இல்ல டீச்சர், நீங்க அந்தச் சாக்குமேல இருங்க, தரை பூரா ஈரம். நான் நின்னுக்கிடுதேன். காலையில இருந்து குனிஞ்சு உப்பு வாருனதுக்கு, உக்காந்தா எந்திரிக்க முடியாது.

பழைய உப்பளத்துக் கொட்டாயப் பாத்துட்டா வாரிய? நல்லாருக்கும்லா. நாலஞ்சு தொட்டில் கெடக்குமே இப்பம். அங்கன எங்கூட உப்பு வாருன தேவகனியோட மாமியாதான் ஆட்டிவிடுதாளாம். மொதலாளியும் யாராச்சும் வந்தா கூட்டிட்டுப் போயிக் காட்டுதாராம், நம்ம அளத்துல பிள்ளையளுக்குன்னே கொட்டாய் போட்டிருக்கோம்னு. சொல்லிட்டுப் போறாரு.

நான் அங்கன போறதில்ல. இந்த அளத்துக்கு வந்து ரெண்டு கோடை ஆவுது. அங்கனதான் இருப்பேன்னு தேடுனியளாக்கும்.

ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்ல. எமர்ஜென்சி முடிஞ்ச கோடையில காலேசுல இருந்து நீங்களும் ஜெயசிங் சாரும் வந்திய. எங்களோட அளத்துலயே கெடந்திய. நாங்க கேட்டு எழுதிட்டுப் போறவங்க இல்ல, உங்களோட சேந்து நிக்க வந்தவங்க, என்ன வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்கன்னிய. எங்ககிட்ட யாரு அப்படிக் கேட்டா? சிரிச்சிட்டோம். பொறவு எல்லாரும் பிள்ளையளுக்கு நெழலு வேணும்னோம். மொதலாளிட்ட யாரு பேசுததுன்னதும் ஒவ்வொருத்தியாப் பின்னால நவுந்துட்டாளுவ. செல்லக்கனி, நீ பேசு, ஒனக்குத்தான் பயமில்லன்னு நீங்கதான் என்னைய முன்னால விட்டிய. குத்தமாச் சொல்லல டீச்சர். எனக்கும் ஆசையாத்தான் இருந்திச்சு.

மழைக்கு உப்பு அம்பாரத்த ஓலை போட்டு மூடுதியளே, அதுல நாலு ஓலைய எங்க பிள்ளையளுக்குப் போடப்படாதான்னு கேட்டேன். அம்புட்டுதான். நீங்கள்லாம் கை தட்டுனிய. மொதலாளியும் சிரிச்சாரு, சரின்னாரு.

கொட்டாய் போட்ட அன்னைக்குத்தான் சார் போட்டோ எடுத்தது. பொறவு நீங்க மதுரைக்குப் போயிட்டிய. அடுத்த திங்கக்கெழமை வன்னியபெருமாள் அண்ணாச்சி, அதான் அந்தக் கணக்கப்பிள்ள, ஒனக்கு இங்கன வேலை இல்லன்னுட்டாரு. மத்தவளுவ குனிஞ்ச தல நிமிராம உப்பு வாரிட்டு இருந்தாளுவ. அவளுவளுக்கும் பிள்ளைய இருக்குலா. என்னைய விட்டுட்டு வேற எவளையாச்சும் அனுப்பிருந்தா நானும் அப்படித்தான் நின்னுருப்பேன். உங்களுக்குக் கடுதாசி போட எனக்கு விலாசம் தெரியுமா?

இங்கன வந்தேன். பாக்கியல்லா, ஒரு மரம் கெடையாது. அந்தா தெரியுத அம்பாரத்துக்கு ஓரமா மூணு கம்ப நட்டுப் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவேன். காலையில அம்பாரத்து நெழலு விழும். உச்சிக்கு ஒண்ணும் இருக்காது.

என்ன அது, புஸ்தகத்துல போட்டிருக்காவளா? காட்டுங்க. ஆமா, நாந்தான். இது கொட்டாய் வாசல். மடியில கெடக்கது எம்பிள்ள இசக்கி. மூஞ்சி தெரியாது டீச்சர். பச்சப்பிள்ளையப் படம் புடிச்சா ஆயுசு கொறைஞ்சிரும்னு எங்க பக்கம் சொல்லுவாவ. சார் கேமராவத் தூக்கவும் முந்தானைய இழுத்து மூடிட்டேன். இந்தா, காலு மட்டும் வெளிய நீட்டிட்டு இருக்கு. கறுப்புக் கயிறுகூடத் தெரியுது.

இப்பம் எத்தன வயசா? அந்த ஆனியிலயே போயிட்டு. உச்சி வெயில்ல. நான் பால் குடுக்க ஓடியாரேன், மேலு நெருப்பாக் கொதிக்கு. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள தோள்லயே அடங்கிட்டு.

நீங்க ஏன் அழுதிய. எனக்கு இப்பம் ஒண்ணும் வாரதில்ல. அப்பமும் மறுநாளே வேலைக்கு வந்துட்டேன்.

இங்கத்த கணக்கப்பிள்ள பாக்காரு, நான் போணும். போறதுக்கு முந்தி இந்தத் தாள மட்டும் கிழிச்சுத் தந்துட்டுப் போங்க டீச்சர். எங்கிட்ட வேற படம் இல்ல.